உப்பின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பி அளவுதான். மேலே சாம்பல் நிறத்தில் ரப்பர் பொத்தான்கள். இதைக் கணினி என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இதற்கென்று திரை கிடையாது. பழைய டிவியில் கொளுவ வேண்டும். போடவும் நிற்பாட்டவும் ஒரு சுவிச்சுகூடக் கிடையாது. பின்பக்கத்து ஓட்டைக்குள் அடாப்டரின் பிளக்கைக் குத்தினால் வேலை தொடங்கும், பிடுங்கினால் நிற்கும். இவ்வளவு மூளையைச் செலவழித்து இதைச் செய்தவர்களுக்கு ஒரு சுவிச்சு வைக்கத் தோன்றவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும். கொஞ்ச மாதங்களாக எனக்கு எல்லாவற்றிலும் எரிச்சல்தான். அதற்குக் காரணம் இந்தப் பெட்டியும் இதன் சொந்தக்காரரும்.

சொந்தக்காரர் என் கணவர். வாழைச்சேனைக் காகித ஆலையில் அளவுக் கருவிகளைப் பார்க்கிற பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆலை ஓகோ என்று ஓடிய காலத்தில் அங்கே வந்திருந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர், ஊர் திரும்பும்போது இந்தப் பெட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இவர் பட்ட சந்தோஷத்தை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. இடம்பெயர்ந்து ஓடிய ஒவ்வொரு முறையும் நான் மகனையும் அரிசிப் பையையும் தூக்கினேன், இவர் இந்தப் பெட்டியைத் தூக்கினார். ஒருமுறை பிள்ளையின் பால்மாப் பேணியை வீட்டில் விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, அவரை மறக்க விடவும் இல்லை.

பிறகு புதுக் கணினிகள் வந்தன, கைத்தொலைபேசி வந்தது, இந்தப் பெட்டி பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அலுமாரியின் மேல் ஏறியது. அங்கேயே கிடந்து போயிருக்கும். ஒரு தேநீர்க் கோப்பைதான் அதைக் கீழே இறக்கியது.

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு அமிர்தகழியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். தீர்த்தம் முடிந்து வந்த சனம் வீடு நிறைய. தங்கை இவருக்குக் கோப்பையும் பீரிசுமாகத் தேநீர் கொடுத்தாள். இவர் வலது கையால் வாங்கினார். பீரிசின் மேல் கோப்பை கடகடவென்று ஆடத் தொடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாதித் தேநீர் வேட்டியில் கொட்டியது. இவர் மிச்சத்தை மேசையில் வைத்துவிட்டு, "பீரிஸ் சரியில்ல, அடி வளைஞ்சு கிடக்கு" என்றார். என் தங்கையின் பீரிசுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தக் கை ஆட்டத்தை நான் அதற்கு முந்தியே கவனித்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவள். பிள்ளைகள் ஊசியில் நூல் கோக்கும்போது அவர்களின் கைகளைப் பார்த்துப் பார்த்தே காலம் போனவள். இவருடைய கை என் கண்ணுக்குத் தப்புமா? பேப்பர் வாசிக்கும்போது பேப்பர் சலசலக்கும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று மின்விசிறியைப் போட்டுக்கொள்வார். டொக்டரிடம் போவோம் என்றால் தேத்தண்ணி கூடிவிட்டது என்பார், நித்திரை போதாது என்பார், வயது என்பார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அமிர்தகழியில் நடந்ததைப் பொறுக்க முடியாமல் மகனுக்குச் சொன்னேன். அவன் வெளிநாட்டில் இருக்கிறான். வீடியோவில் வந்து, "அப்பா, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில நரம்பு டொக்டர் இருக்கார். அம்மாவோட போய்க் காட்டுங்க" என்றான்.

இவருக்கு வந்ததே கோபம். "எனக்கு என்ன நோய் வருத்தம்? என்ட கை நல்லாத்தான் இரிக்கு. காட்டட்டுமா?" என்று கேட்டபடி கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரியின் மேலிருந்து இந்தப் பெட்டியை இறக்கினார். "இது எத்தினையோ வருஷமா ஓடல்ல. இத நான் ஓட வைக்கிறன். ஓடினா என்ட கையப் பத்தி ரெண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. ஓடல்லண்டா நீங்க சொல்ற டொக்டரிட்ட வாறன். சரியா?"

"சரி அப்பா" என்றான் மகன். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பெட்டியோடும் அதன் சொந்தக்காரரோடும் வீட்டில் கிடந்து மாரடித்தது நான்.

முன்னறையில் மேசை போட்டோம். பின்பக்கம் பெருத்த பழைய டிவி ஒன்று சாமான் அறையில் கிடந்தது. இருவருமாகத் தூக்கி வந்து வைத்தோம். கரண்ட் எடுக்கிற இடம் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அலுமாரியை நகர்த்தி, எக்ஸ்டென்ஷனைக் கொளுவி, சுவிச்சைப் போட்டு, திரும்பவும் அலுமாரியைத் தள்ளிவிட்டோம். அதன் பிறகு அந்தச் சுவிச்சை யாரும் தொடவில்லை. டிவியின் குமிழைத் திருகிக்கொண்டே போக, ஒரு இடத்தில் இரைச்சல் அடங்கியது. இவர் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பிளக்கைக் குத்தினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாக வேலை செய்தால் என்ன நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கரண்ட் கிடைத்ததும் பெட்டி தன் ஞாபகத்தைத் தானே ஒருமுறை சோதித்துப் பார்க்கும். அப்போது திரை ஒரு கணம் கறுக்கும். பிறகு வெளுக்கும். அடியில் ஒரு வரி எழுத்து வரும். அந்த வரி வந்துவிட்டால் பெட்டி எழும்பிவிட்டது என்று அர்த்தம்.

வரி வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் வந்தன, அவற்றின் நடுவே நிறம் நிறமாகக் கோடுகள். அப்படியே உறைந்து நின்றது. பிடுங்கித் திரும்பக் குத்தினார். இந்த முறை வேறு மாதிரிச் சதுரங்கள். இன்னொரு முறை திரை வெளுத்து, வரி வரப்போகிற மாதிரி இருந்தது. "ஆ, வருது வருது" என்று நான் சொல்லி முடிக்குமுன் எல்லாம் கோணல்மாணலாகச் சிதறிப்போயிற்று.

"உப்பு" என்றேன் நான்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் உப்புக்காற்றைத்தான் சொல்வோம். வீட்டுக்குப் பின்னால் வாவி, கொஞ்சம் தள்ளிக் கடல். கேற்றுப் பிணைச்சல் இறுகினால் உப்பு, மின்விசிறி நின்றால் உப்பு, தையல் மெஷின் நூலை அறுத்தால் உப்பு. யாருக்காவது கலியாணம் சரிவராவிட்டால் அதற்கும் உப்பைச் சொல்வார்களோ என்று நினைக்கத் தோன்றும். அதிலும் நான் மாங்கேணியில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். என் அப்பா கடலால் வந்ததும் சோற்றைப் பார்க்கமாட்டார், தோணியின் என்ஜினைத்தான் பார்ப்பார். நல்ல தண்ணீரில் அதை ஓடவிட்டு, உப்பைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிய பிறகுதான் கை கழுவுவார். ஆகவே உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது என் எண்ணம். இவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆலையிலும் ஒரு கருவி பழுதானால் முதல் வேலை உப்பைத் துடைப்பதுதானாம்.

துடைத்தோம். அதாவது, நான் துடைத்தேன். ஆணி கழற்றுவதும் நான்தான். கண் தெரியவில்லை என்று இவர் ஸ்குரூடிரைவரை என்னிடம் தந்துவிட்டார். கண் தெரியாதவர், மூடியைத் திறந்ததும் உள்ளே கிடந்த சில்லுகளின் மேலிருந்த பொடி எழுத்துக்களை ஒன்றுவிடாமல் வாசித்தார்! ஒரு மூலையில் பச்சை பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்க, நான் சொன்னன்தானே!" ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். விளிம்பிலிருந்த செப்புப் பற்களை அழிறப்பரால் அழித்துப் பளபளவென்று ஆக்கினேன். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவாகா, அது சட்டி பானை இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சட்டி பானை எண்டா எப்பவோ எறிஞ்சிருப்பன்" என்றேன்.

மூடினோம். இவர் குத்தினார். சதுரங்கள்.

அதற்குப் பிறகு அந்த முன்னறையில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. வருகிறவர்களை அடுப்படிப் பக்கத்தால் கூட்டிவந்து இருத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டாரும் எட்டிப் பார்த்து, உப்புக்காற்றுத்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆலையில் பழகிய முறையில்தான் இவர் பழுது தேடினார். "ஒரு நேரத்தில ஒரு மாத்தம்தான். ரெண்டு சாமான ஒண்டா மாத்தினா எதால சரி வந்திச்சி எண்டு தெரியாது." நல்ல முறைதான். ஆனால் அந்த முறையோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். ஒரு வயரை மாற்றுவோம், ஆணியை இறுக்குவோம், இவர் குத்துவார், சதுரங்கள். அந்த வயரை முன்பிருந்தபடியே வைத்துவிட்டு அடுத்ததை மாற்றுவோம், இவர் குத்துவார், சதுரங்கள். சோறு அடுப்பில் அடிப்பிடிக்கும். "சோத்தையும் பெட்டியையும் ஒரு நேரத்தில பாக்க ஏலா, உங்கட சட்டம்தானே" என்று ஏசிக்கொண்டே ஓடுவேன்.

அடாப்டரில் ஒரு பிழை அகப்பட்டது உண்மை. அதற்குள் ஒரு கப்பாசிட்டர் வயிறு வீங்கிக் கிடந்தது. இவர் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லி, முள் ஆடுகிற விதத்தை என்னிடம் கேட்டு, "அதுதான், அதுதான்" என்று துள்ளினார். புதியதை வாங்கி வந்தார். சோல்டர் வைத்ததும் நான்தான். தைக்கிற கை என்பதால் அது எனக்குச் சுளுவாகத்தான் வந்தது. உருகின ஈயம் ஒரு துளி மின்னிக்கொண்டு உட்காரும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இனி ஓடும் என்றார். சதுரங்கள்தான் வந்தன.

அடுத்து ஞாபகச் சில்லுகள் என்றார். மகனுக்குச் சொல்லி வெளிநாட்டிலிருந்து அனுப்புவித்தார். அப்பாவுக்கு எதிரான பந்தயத்தில் நிற்கிற மகன் அப்பாவுக்கே சாமான் அனுப்புகிறான்! அவற்றையும் நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொன்றை மாற்றியதும் மூடி, இவர் குத்தி, திரையைப் பார்த்து, நான் பெருமூச்சு விட்டு, திரும்பத் திறந்து... எனக்கு இடுப்பு முறிந்துபோயிற்று.

இதில் எனக்கு வந்த பெரிய எரிச்சல் வேறு. எது நடக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. பெட்டி எழும்பினால் இவர் டொக்டரிடம் வரமாட்டார். எழும்பாவிட்டால் வருவார். அப்படியென்றால் எழும்பக் கூடாது என்று மாமாங்கேஸ்வரரிடம் நேர்ந்துவிட்டு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சதுரங்கள் வரும்போது இவருடைய முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குத் தாங்காது. உடனே, "இன்னொருக்காத் துடைச்சுப் பாப்பமா?" என்று நானே கேட்பேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வேலையை மட்டும் இவர் எனக்குத் தரவில்லை. அது பிளக் குத்துகிற வேலை. ஆலையில் ஒரு சட்டம் இருந்ததாம். மெஷினைத் திறந்தவன் எவனோ அவன்தான் திரும்பக் கரண்ட் கொடுக்க வேண்டும், மற்றவன் சுவிச்சில் கை வைக்கக் கூடாது. ஒருவன் உள்ளே கை விட்டுக்கொண்டு நிற்கும்போது இன்னொருவன் தெரியாமல் போட்டுவிட்டால் ஆள் முடிந்தான். பெரிய பெரிய உருளைகள் சுற்றுகிற ஆலைக்கு அது சரி. இந்தக் கொப்பி அளவுப் பெட்டிக்கு என்னத்துக்கு? அதோடு பெட்டியைத் திறப்பவள் நான், மூடுபவள் நான். "அப்ப சட்டப்படி நான்தானே குத்தணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெட்டி என்ட. வேல என்ட. நீ உதவிக்கு நிக்கிற. விலகு" என்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேசையை மறைத்துக் குனிந்துதான் குத்துவார். வேலையில் அவ்வளவு கவனம் என்றுதான் நான் நினைத்தேன்.

கடைசிச் சில்லையும் மாற்றிய அன்று பின்னேரம், நானே நம்பிவிட்டேன். மாற்றுவதற்கு இனி ஒன்றுமே இல்லை. மூடியை வைத்து ஆணிகளை இறுக்கினேன். இவர் குனிந்து குத்தினார். சதுரங்கள், கோடுகள், உறைந்த திரை. நான் ஸ்குரூடிரைவரை மேசையில் போட்ட சத்தத்துக்கு வெளியே கோழி கலைந்து ஓடியது.

"போதும்! இது செத்துப் போச்சு. நீங்களும் நானும் பிணத்துக்கு ஊசி போட்டுக்கொண்டு இரிக்கிறம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, சொன்ன சொல்லுச் சொல்லுத்தான்."

"இன்னும் முடியல்ல. நீ உப்ப ஒழுங்காத் துடைக்கல்ல."

"நான் துடைக்கல்லையா?" எனக்குக் கண்மண் தெரியவில்லை. "இந்த வீட்டில வேல செஞ்சது ஆரு? நீங்க கையக் கட்டிக்கொண்டு நிண்டீங்க! இது என்ட வீடு, என்ட அப்பா எனக்குத் தந்த வீடு. என்ட முன்னறைய எனக்குத் தாங்க!"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் வரும், கலியாணம் செய்கிற ஆண் வந்து சேருவான். எந்தச் சண்டையிலும் அதை மட்டும் வாயில் எடுக்கக் கூடாது என்று நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அன்றைக்கு எடுத்துவிட்டேன். வழமையாகச் சதுரங்கள் வந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைப்பவர், அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் இறங்கிப் போனார்.

நான் கதிரையில் இருந்து அந்தச் சதுரங்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது, டிவி அணைந்தது. அதுவும் ஒருவகைக்கு நல்லது என்று கண்ணை மூடினேன். பின்பக்கத்தில் யாரோ தோணியைக் கரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. அரை நித்திரையில் இருந்தபோது கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமியது. டிவி கிர்ரென்று உயிர்பெற்றது. திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. அடியில் ஒரு வரி எழுத்து வந்து நின்றது.

நான் எழும்பவில்லை. எழும்பினால் போய்விடுமோ என்று பயம். மூச்சை விட்டுப் பார்த்தேன். நின்றது. இருமிப் பார்த்தேன். நின்றது. பிறகுதான் பின்வாசலுக்கு ஓடிப்போய், "இஞ்ச வாங்க! வந்திட்டு! வரி வந்திட்டு!" என்று கத்தினேன்.

வேட்டியை மடித்துக் கட்டியபடி மனுசன் ஓடிவந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரையின் முன்னால் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். இடது கையின் ஒற்றை விரலால் ரப்பர் பொத்தான்களை அழுத்தி இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னார். நாலு என்று வந்தது. "நாலு! பாத்தியா? நாலு!" ஆலையிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த அன்றைய அதே முகம். எனக்கும் சிரிப்பு வந்தது. பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"மகனுக்கு எடு. வீடியோவில காட்டுவம்" என்றார். நான் தொலைபேசியை எடுக்க, "பொறு, பொறு. ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாத்திட்டு எடுப்பம். அவன்ட கண்ணுக்கு முன்னால போட்டுக் காட்டணும்" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினார். குனிந்து குத்தினார். சதுரங்கள்.

"சீ" என்றார். பிடுங்கிக் குத்தினார். சதுரங்கள். மூன்றாம் முறை திரை வெளுத்துச் சிதறியது. நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

அதற்குப் பிறகு இவர் குத்தவில்லை. பிளக்கைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நின்று யோசித்தார். "கரண்ட் வரக்குள்ள நீ ஏதும் தொட்டியா?"

"நான் அந்தக் கதிரையில இருந்தன். தொடல்ல."

"ஒருத்தரும் தொடல்ல. பிளக் கிடந்த மாதிரியே கிடந்திச்சி. கரண்ட் தானா வந்திச்சி. பெட்டி எழும்பிச்சி." எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு பிளக்கை என்னிடம் நீட்டினார். "இந்தா. நீ குத்து."

"உங்கட சட்டம்?"

"குத்துகா."

குத்தினேன். ஊசியில் நூல் கோக்கிறதைவிட லேசான வேலை. திரை கறுத்து, வெளுத்து, வரி வந்தது. "பிடுங்கு. திரும்பக் குத்து" என்றார். வரி வந்தது. இன்னொரு தரம் என்றார். வரி வந்தது. "தா" என்று வாங்கினார். இந்த முறை எனக்கு முதுகைக் காட்டவில்லை. நான் பார்க்கத்தக்கதாகப் பக்கவாட்டில் நின்று, வலது கையால் பிளக்கை அந்த ஓட்டைக்குக் கொண்டுபோனார். பிளக் ஓட்டையின் வாயில் தொட்டது, விட்டது, தொட்டது, விட்டது. டிக்டிக்கென்று சத்தம்கூடக் கேட்டது. உள்ளே போய் நிலைகொள்வதற்குள் பெட்டிக்குக் கரண்ட் வந்து வந்து போயிற்று. எழும்ப வெளிக்கிட்ட பெட்டியை எழும்பவிடாமல் தட்டித் தட்டி விழுத்தினால் அது என்ன செய்யும்? சதுரங்கள்தான் வந்தன.

நான் உடனே பேச ஆரம்பித்தேன். என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "பிளக் லூசா இரிக்கு. ஓட்டைக்குள்ள உப்பு. அதத்தான் நாம துடைக்கல்ல. விடுங்க, நான் துடைச்சுத் தாறன். பெட்டி ஓடினதுதானே? ஓடிச்சிதானே? நீங்க வெண்டுட்டீங்க. மகனுக்குச் சொல்லுவம், நீங்க வெண்டுட்டீங்க எண்டு." சொல்லிக்கொண்டே பஞ்சையும் ஸ்பிரிட் போத்தலையும் தேடினேன். ஒரு வருடமாக இவர் கையைப் பற்றி ஓயாமல் ஏசி வந்தவள் நான். இப்போது அந்தக் கையைக் காப்பாற்ற உப்பைத் துணைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு இல்ல" என்றார். "எல்லாத்தையும் ஒவ்வொண்டா மாத்திப் பாத்தாச்சு. மாத்தாம இருந்தது ஒண்டுதான். அதையும் இப்ப மாத்திப் பாத்தம்."

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். இவ்வளவு காலமும் கட்டியும் மடித்தும் பேப்பருக்கு அடியில் ஒளித்தும் வைத்திருந்த வலது கையை எடுத்து மேசையின் மேல் வைத்தார். அது தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதைப் பிடித்து அழுத்தி நிறுத்த வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. அழுகை வரப் பார்த்தது, அதையும் கோபம் மறித்துக்கொண்டது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. பெட்டியைத் திட்டலாம் என்றால் அதன் மேல் ஒரு பிழையும் இல்லை.

"நாளைக்குக் காலமப் பஸ்ஸில போவம்" என்றார்.

"ம்" என்றேன்.

"போறதுண்டா, டொக்டர் சேட்டத் திறக்கச் சொன்னாத் திரும்பப் பொத்தான நீதான் பூட்டி விடணும்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன், இவ்வளவு நாளும் நீங்கதானே போட்டீங்க?"

"எங்க போட்டன்? பொத்தானக் கழட்டாம, பூட்டின மாதிரியே தலையால போடுறன், தலையால கழட்டுறன். கன நாளாச்சு."

தோய்க்கப் போடுகிற சேட்டுகளில் பொத்தான்கள் பூட்டியபடியே கிடக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் நான் தோய்ப்பேன், காய்ந்ததும் நானே பூட்டி மடித்து வைப்பேன். ஆலையில் வேலை செய்த மனுசனுக்கு ஒரு பொத்தானைக் கழற்றிப் போட இவ்வளவு பஞ்சியா, இவ்வளவு சோம்பலா என்று கிணற்றடியில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்க ஏசியிருக்கிறேன். கைகளைப் பார்த்தே காலம் போன நான்!

"அப்ப நான் அந்த ஏச்சு ஏசக்குள்ள ஏன் வாய் திறக்கல்ல?" என்று கேட்டேன். என் குரல் திரும்பவும் உயர்ந்துவிட்டது.

"பஞ்சி எண்டு நீ நினைச்சுக்கொண்டு இருந்தாய். அது எனக்கு நல்லாக் கிடந்திச்சி" என்றார்.